மடுல்சீமை ஓடைக் கல்

பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் அந்த நாளில் கல் பட்டை தீட்டும் வீடுகள் ஐந்து இருந்தன. அவற்றில் ஒரு வீட்டில் மட்டும் சக்கரம் பெண் கையால் சுழன்றது. காலஞ்சென்ற முஹம்மதுவின் மகள் ஸைனப்தான் அந்தப் பெண். தகப்பனுக்குக் கண் மங்கிப்போன கடைசி ஆறு வருஷங்களில் அவர் பேரில் விற்ற நீலக்கல்லும் புஷ்பராகமும் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து அவள் தீட்டியவை. கடைத்தெரு முழுக்க இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்வதில் அந்தத் தெரு பெரிய கெட்டிக்காரத் தெரு. அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருநாள் தன் தலையிலேயே விடியும் என்று பாவம், அவள் நினைத்துப் பார்த்திருப்பாளா?

தகப்பன் அவளுக்கு விட்டுப்போனது வில்லிழுத்துச் சுழற்றும் அந்தச் சக்கரமும், ஒரு வித்தையும். எந்தக் கல்லின் வயிற்றிலும் ஏதோ ஒரு குற்றம் இருக்கும். ஒரு புள்ளி, ஒரு புகைக்கீற்று, மயிரிழை போல ஒரு கோடு. கல் தோண்டும் ஒரு கிடங்கில், அதாவது ஒரு குழியில், எடுத்த கல்லின் குற்றம் இன்னொரு கிடங்குக் கல்லில் வராது. ஆகையால் குற்றத்தைப் பார்த்தே கல் பிறந்த ஊரைச் சொல்லிவிடலாம். சொல்லிய பிறகு, அந்தக் குற்றத்தைச் சுவடில்லாமல் இழைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் ஸைனபுக்கு நிகர் ஊவா மாகாணத்தில் ஆள் இல்லை.

அவள் கணவன் ஹுமைத் துணி வியாபாரி. பூப்போட்ட சீத்தைச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக, கூலி ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போவான். மாதத்தில் இருபது நாள் வெளியூர். பேச்சில் தேன் சொட்டும். வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வந்ததில்லை. எல்லப் பக்கத்துக் கொய்யாப் பழமோ, வழியில் பறித்த ஏலக்காய்க் கொத்தோ, ஏதாவது ஒன்று மடியில் இருக்கும். ஒன்பது வருஷத்து இல்லறத்தில் பிள்ளை மட்டும் இல்லை. அதை அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதும் இல்லை. அதற்காகவே அவள் அவனை உயிருக்குயிராக நேசித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி குதிரையில் வந்து அந்தச் சந்தில் இறங்கினாள். நடு வயசு, நெட்டையான உருவம், வெயிலில் சிவந்த மூக்கு. மலைக் கற்களைக் காகிதத்தை விட மெல்லிசாக இழைத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தர வேண்டுமாம். மற்ற நான்கு பட்டறைக்காரரும் வாயைப் பொத்திச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஸைனப் சிரிக்கவில்லை.

துரைசானி பேசியது தோட்டத்துத் தமிழ். கூலி ஆட்களை வேலை வாங்கக் கற்றுக்கொண்ட தமிழாகையால் அதில் ‘வா’, ‘போ’, ‘எடு’ மட்டும்தான் உண்டு, ‘வாங்க’வுக்கு இடமில்லை. ஆனால் மனசு கெட்டதல்ல. பழைய காலத்துப் பிராணிகள் கல்லாகிப் போன உருவங்களைத் தேடுவது அவளுடைய பைத்தியம். ஊவா மலைக் கற்களோ ஒரு யுகத்தில் அடுப்பில் வெந்தது போல வெந்தவை. ஸைனப் இழைத்துக் கொடுத்த முப்பது கல்லிலும் ஓர் எறும்பின் கால்கூட இல்லை.

அந்த மாதம் ஹுமைத் சொன்ன நாளுக்குப் பத்து நாள் பிந்தி வந்தான். ஸைனப் முகம் கொடுக்கவில்லை. அவன் மெல்லச் சிரித்து, மடியிலிருந்து கறுத்த கல் துண்டுகள் ஒரு கைப்பிடி எடுத்து அவள் முந்தானையில் போட்டான். கண்ணாடி போல உடைந்த துண்டுகள். ஓரம் மட்டும் தேன் நிறத்தில் ஒளியை விட்டது. “ஒன்ட துரைசானி தேடுற சாமான் இதுவான்னு பாரு. மடுல்சீமையில மலைக்கு அடியில ஒரு ஓடை. அதுல இறங்கிப் பொறுக்கினேன். அதான் பிந்திப்போச்சு” என்றான். கணுக்காலில் இரண்டு சிவந்த புள்ளிகளைக் காட்டி, அட்டை கடித்த இடம் என்றான். அவளுடைய கோபமெல்லாம் கரைந்தது. தனக்காக அந்தக் காட்டு ஓடையில் இறங்கினானே என்று கண்ணீர் விட்டாள். அன்று முழுக்க அவன் காலைத் தன் மடியில் வைத்துச் சுண்ணாம்பு தடவிவிட்டாள்.

அந்தக் கல்லின் முதல் துண்டில் பட்டறைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றை ஸைனப் செய்தாள். மெல்லிசாக இழைத்துக்கொண்டு வரும்போது உள்ளே தூசி போலப் புள்ளிகள் தெரிந்தன. குற்றம்! தகப்பன் சொல்லித் தந்தபடி அந்தப் பக்கத்தை முழுக்க இழைத்துத் தள்ளி, துளி அழுக்கில்லாத சில்லாக்கிப் பெருமையோடு நீட்டினாள். துரைசானி பித்தளைக் குழல் பொருத்திய பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு புள்ளியைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“நீ என்ன செய்தது? அழுக்கு எல்லாம் எடுத்துப் போட்டது. எனக்கு அந்த அழுக்குதான் வேணும்!”

பிறகு அவளே ஸைனபின் தலையைப் பிடித்து அந்தப் பித்தளைக் குழல்மேல் குனிய வைத்தாள்.

அங்கே ஓர் ஊமத்தங்காய் மிதந்தது. கடுகில் நூற்றில் ஒரு பங்குகூட இராத ஓர் உருண்டை. அதைச் சுற்றிலும் கொம்புகள். ஒவ்வொரு கொம்பின் நுனியும் ஊமத்தம்பூவைப் போல வாய் விரிந்திருந்தது. இத்தனை வருஷமாக இப்படிப்பட்டவற்றையா இழைத்துச் சாக்கடையில் விட்டேன் என்று ஸைனப் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதன்பின் இரண்டு வருஷம் அவள் வாழ்ந்தது இரண்டே இடத்தில்: சக்கரத்தின் முன்னால், அல்லது குழலின் முன்னால். துரைசானி வாரத்துக்கு ஒருநாள் அந்தப் பித்தளைக் கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். ஹுமைத் மாதந்தோறும் ஒரு கைப்பிடி கல் கொண்டு வருவான். பெரிய கல்லை அங்கேயே உடைத்து, நல்லதை மட்டும் எடுத்து வருகிறேன், சுமை குறையுமே என்பான். துரைசானிக்கு அந்த ஓடையைப் பார்க்க ஆசை. பாதை இல்லை, மழை வெள்ளம், அட்டை என்று அவன் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னான்.

வளையல் வாங்க வரும் தோட்டத்துப் பெண் இராக்கம்மா ஒருநாள் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி ஸ்பிரிங்வெளிக்கு வருமுன் அவள் மடுல்சீமையில் பிறந்து வளர்ந்தவள். “எங்க ஓடையிலயா? பன்னெண்டு வருசம் அதுல துணி தொவைச்சிருக்கேன் தாயி. வெள்ளக்கல்லும் அட்டையுந்தான் கெடக்கும். ஒங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஓடை கறுப்பா ஓடுதாக்கும்” என்றாள். ஸைனபும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனை நாள் அழுதாள்!

பிராணிகளை வகைப்படுத்துவதில்தான் இரண்டு பெண்களுக்கும் வழக்கு வந்தது. துரைசானியின் புத்தகங்கள் கொம்பின் நீளத்தை வைத்து ஜாதி பிரித்தன. நீளக் கொம்பு ஒன்று, குட்டைக் கொம்பு ஒன்று. ஸைனப் ஒத்துக்கொள்ளவில்லை. ஊமத்தம்பூக் கொம்புக்காரியை அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். பதினெட்டுக்கு மேல் எதிலும் கொம்பு இல்லை. இன்னொரு வகைக்குக் கொம்பு நுனி கவை கவையாகப் பிரிந்திருந்தது. கொம்புக்குக் கொம்பு தையல் போட்டது போல மெல்லிய வரம்பு ஓடியது. இவை எல்லாவற்றையும் விட அவள் கண்ணை இழுத்தது ஓட்டில் இருந்த ஓட்டை. உடைந்துபோனவை என்று துரைசானி அவற்றை ஒதுக்கி வைத்தாள்.

“உடைஞ்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி உடையணுமே துரைசானி. கவைக்காரி எல்லாத்துக்கும் பக்கத்தில ஒரே ஒரு துண்டு இல்ல. அதே இடம், அதே அளவு, அதே மூலை. ஊமத்தைக்காரிக்கு உச்சந்தலை மூடி இல்ல, விளிம்பு பல்லுப் பல்லா இருக்கு. இது உடைஞ்சது இல்லீங்க. திறந்தது.”

துரைசானி மறுபடியும் குழல்மேல் குனிந்தாள். ஸைனப் சொன்னாள்: “உள்ள பாருங்க, ஒண்ணுமே இல்ல. இது பிராணி இல்ல, பிராணி இருந்த வீடு. இருந்தது கதவைத் திறந்து போயிட்டுது. கொம்பைப் பாக்காதீங்க, கதவைப் பாருங்க. எந்தக் கதவோ அந்த ஜாதி.”

இன்று படித்தவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். கடலில் சுழன்று சுழன்று நீந்தும் ஒரு நுண்ணுயிர், கெட்ட காலம் வந்தால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு அடியில் போய் உறங்குமாம். நல்ல காலம் வந்ததும் ஓட்டில் ஒரு துண்டைத் திறந்துகொண்டு வெளியேறுமாம். எந்தத் துண்டு திறக்கிறது என்பது அதன் குலத்தைக் காட்டுமாம். அந்தக் காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. கருவி தேய்ந்த ஒரு பட்டறையில் ஒரு பெண் மனசில் மட்டும் இருந்தது.

துரைசானி கடைசியில் தலை வணங்கினாள். கதவுக் கணக்கை வைத்து ஒரு கட்டுரை எழுதி லண்டனில் உள்ள சங்கத்துக்கு அனுப்புவதென்றும், புதிய ஜாதிக்கு ஊவாவின் பெயரை வைப்பதென்றும், கண்டுபிடித்தவள் ஸைனப் என்று எழுதுவதென்றும் முடிவாயிற்று. கல் மடுல்சீமை ஓடையில் எடுத்தது என்பதற்கு மட்டும் அவளுடைய சாட்சி வேண்டும். ஸைனபுக்கு அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழ் வரும். “இந்தக் கல் மடுல்சீமை ஓடையில் எடுத்தது. இது சத்தியம்” என்று வலமிருந்து இடமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் மடுல்சீமை என்று அவளே எழுதி ஒட்டினாள். கணவன் வாய்ச் சொல்லுக்கு மேல் ஒரு சாட்சி உண்டென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வியாழக்கிழமை தபால் கோச்சில் அந்தக் கட்டுரை பண்டாரவளை ரயிலுக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை துரைசானி ஓடோடி வந்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அவளுடைய சகோதரர் இங்கிலாந்துக் கடற்கரைக் கல்லில் சில்லுகள் அனுப்பியிருந்தார். “பார்! அங்கே இருக்குது, இங்கேயும் இருக்குது. எல்லாம் ஒரே கடல்!” என்று சிறு பிள்ளை போலக் கையைத் தட்டினாள்.

ஸைனப் குனிந்தாள். ஊமத்தைக்காரி இருந்தாள், பதினெட்டுக் கொம்போடு, பல்லுப் பல்லான விளிம்போடு. கவைக்காரியும் இருந்தாள். தன்னுடைய சில்லையும் அதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிராணி மட்டும் ஒன்றாக இருந்தால் ஒரே கடல் என்று நம்பலாம். இங்கே அதனோடு சேர்ந்து கிடந்த உறவுகளும் ஒன்றாக இருந்தன. அதே ஊசித் துண்டுகள், அதே வெள்ளைப் புகைக்கீற்று, அதே தேன் நிறம். ஒரு கிடங்கின் குற்றம் இன்னொரு கிடங்கில் வராது. தகப்பன் சொன்னதல்லவா அது!

துரைசானி போன பிறகு, மிச்சமிருந்த துண்டுகளைக் கொட்டிப் பரப்பினாள். ஒரு துண்டின் ஓரம் ஆள் செதுக்கியது போல நேராக, சாய்வாக இருந்தது. அதன்மேல் ஈயம் உரசிய சாம்பல் நிறக் கோடு. இதை அவள் ஒரு வருஷத்துக்கு முன்பே கண்டிருந்தாள். கண்டதை மனசின் ஏதோ மூலையில் போட்டு மூடியிருந்தாள்.

மறுநாள் பகலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடுத்த கடை ஸஹாப்தீனிடம் போனாள். தோட்டாவும் வெடிமருந்தும் விற்பவன். அந்தத் துண்டை வாங்கிப் பார்த்ததும் சாதாரணமாகச் சொன்னான், “இது துப்பாக்கிக் கல்லு தாத்தா. வெள்ளைக்காரன் சீமையில இருந்து கொண்டுவந்தது. வெடிக்கிற கேப்பு வர முந்தின காலத்துத் துப்பாக்கிக்கு, நெருப்புப் பொறி தட்ட, ஈயத் தகட்டில சுத்திப் போடுவாங்க.” எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காளைத் தாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும்தான் அழைப்பார்கள். “இப்ப யாருகிட்ட இருக்கு? பண்டாரவளையில துப்பாக்கி பழுது பாக்குற அலவி காக்கா வீட்டில ஒரு ஜாடி நிறையக் கிடக்கும். ஹுமைத் காக்காவுக்கு மாமனார் வீடுதானே, கேட்டா...”

அத்தோடு நிறுத்தினான். நிறுத்தியது பிந்திவிட்டது. தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினான்.

“எத்தின வருஷம்?” என்று ஸைனப் கேட்டாள்.

“ரெண்டரை. நளீரான்னு மகள்... எல்லாருக்கும் தெரியும் தாத்தா. உங்களுக்கும் தெரியும்னுதான் நினைச்சோம்.”

எல்லாருக்கும் தெரியும். அந்தச் சந்தில் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு முகம் வேறு பக்கம் திரும்பியதை அவள் முதல் தடவையாகக் கண்டாள்.

புதன்கிழமை பிற்பகல் ஹுமைத் வந்தான். மடியில் கல் இருந்தது. அவள் தேநீர் கொடுத்தாள். ஓடையில் தண்ணீர் எப்படி என்று கேட்டாள். அவன் இடுப்பளவு என்றான். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு தப்பியதை அழகாகச் சொன்னான். முழுக்கச் சொல்லி முடிக்க விட்டாள்.

“அலவி மாமா சுகமா இருக்காரா?”

குவளை அவன் கையில் அப்படியே நின்றது. பிறகு அதைத் தரையில் வைத்தான். “பத்து நாள் பிந்தினேன்னு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த. நெருப்புத் தட்ட மடியில கல்லு கிடந்திச்சு. வாயில வந்தது, சொல்லிட்டேன். நீ சந்தோசப்பட்ட. பிறகு எப்படி நிப்பாட்டுறது? உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் ஸைனப்.”

“இன்னொரு நிக்காஹ் செய்ய உங்களுக்கு மார்க்கத்தில இடம் இருக்கு. சொல்லியிருந்தா அழுதிருப்பேன், பிறகு சோறு போட்டிருப்பேன். அவ வீட்டுக் கல்லக் கொண்டுவந்து எனக்காக ஓடையில இறங்கினேன்னீங்களே. உங்க காலுக்குச் சுண்ணாம்பு தடவினேனே. உங்க பொய்க்குக் கீழ சத்தியம்னு எழுதிக் கையெழுத்து வெச்சிருக்கேனே, அத யாரு அழிக்கிறது?”

அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். துரைசானிக்கு என்ன தெரியப்போகிறது, கல் கல்தானே, உன் பெயர் சீமைக்குப் போகட்டுமே என்றான். உண்மையும் அதுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் ஊவாவின் பெயரோடு அவளுடைய பெயரும் புத்தகத்தில் ஏறும். கணவனும் மாதம் பத்து நாள் வந்து போவான். திறந்தால் இரண்டும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும், வாழ்நாளில் முதல் தடவையாக, ஸைனப் தனியாக ஊரைத் தாண்டி நடந்தாள். தேயிலை மலை வழியே ஆறு மைல். துரைசானியின் பங்களா வாசலில் தபால் உறை அரக்கு முத்திரையோடு மேசையில் இருந்தது. அவள் துப்பாக்கிக் கல்லை அதன்மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அலவி வீட்டையும், நளீராவையும், பத்து நாளையும், எதையும் மறைக்காமல் சொன்னாள்.

துரைசானி அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. “ரெண்டு வருஷம் நீ இந்தக் கல்லு அறுத்தது. குற்றம் பார்த்து ஊர் சொல்லுறது உன் வேலை. உனக்குத் தெரியாதா? புருஷன் கொண்டு வந்தது, பெண்சாதி கையெழுத்துப் போட்டது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஏமாத்தினது.”

ஐயோ, இதைவிடக் கணவன் செய்தது பெரிதல்லவே!  ஆனால் ஸைனபுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கல்லின் ஊரையும் சொன்ன கண், தன் வீட்டுக்குள் வந்த கல்லை மட்டும் பார்க்கமாட்டேன் என்று இருந்துவிட்டது. ஒரே ஒன்றை மட்டும் கேட்டாள்.

“கதவு பொய் இல்லீங்க துரைசானி. கல்லு எந்த ஊரா இருந்தாலும் அதுக்குக் கதவு அந்த இடத்திலதான். அதையாவது எழுதி அனுப்புங்க.”

துரைசானி உறையை எடுத்து அடுப்பங்கரைப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்காமல், “போ” என்றாள்.

ஹுமைத் பண்டாரவளைக்கே போய்விட்டான். பிறகு இரண்டு தடவை வந்து வாசலில் நின்றான். ஸைனப் சக்கரத்தை நிறுத்தவில்லை. அந்த இரைச்சலில் அவன் கூப்பிட்டது காதில் விழாதது போல இருந்துவிட்டாள். அவள் மறுபடியும் நீலக்கல் தீட்டினாள். குற்றத்தை இழைத்து எடுக்கும்போது மட்டும் கை ஒரு கணம் நின்று போகும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் காய்ச்சல் கண்டு இறக்கும்வரை அவளுடைய வாழ்க்கை அவ்வளவுதான்.

இடையில் ஒரே ஒரு நாள். யுத்தம் தொடங்கிய வருஷம் துரைசானி சீமைக்குக் கப்பல் ஏறினாள். போகுமுன் இராக்கம்மா கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். கடிதம் இல்லை. திறந்தால், பஞ்சுக்குள் அந்தக் கண்ணாடிச் சில்லுகள் அத்தனையும் இருந்தன. வீசி எறிய அவளுக்கும் மனசு வரவில்லை போலும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸைனபின் சொந்தக் கையெழுத்தில் மடுல்சீமை, மடுல்சீமை, மடுல்சீமை.

ஸைனப் அன்று பகல் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்தாள். பட்டை தீட்டும் கத்தியால் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் கண்ணாடியில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்தாள். புதுக் காகிதம் வெட்டி ஒட்டினாள். கவைக்காரிகளின் சில்லில் ‘பக்கக் கதவு’ என்றும், ஊமத்தைக்காரிகளின் சில்லில் ‘உச்சி மூடி’ என்றும் முதல் வரி எழுதினாள். இரண்டாம் வரி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நாற்பத்தொரு சில்லிலும் எழுதினாள்:

“அலவி வீட்டு ஜாடி, பண்டாரவளை. கொண்டு வந்தவர் ஹுமைத்.”